பன்னிரண்டாவது பெயர்

கூடைப்பந்தில் களத்தில் நிற்பவர்கள் ஐந்து பேர். பட்டியலில் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். முதல் ஐந்து பெயர்களைப் பற்றி யாரும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. யார் வேகமாக ஓடுகிறாள், யார் கையில் பந்து நிற்கிறது, யார் உயரம் என்பது பத்து நிமிட ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். ஆறு, ஏழு, எட்டு வரைக்கும்கூடப் பயிற்சியாளர்கள் அநேகமாக ஒத்துப்போவார்கள். பிரச்சினை பத்தாவது பெயரில் தொடங்கிப் பன்னிரண்டாவதில் முற்றும். அங்கே இரண்டு மூன்று பெண்கள் ஏறக்குறைய ஒரே திறமையோடு இருப்பார்கள். அந்த இடத்தில் ஆட்டம் பேசுவதை நிறுத்திவிடும். வேறு விஷயங்கள் பேசத் தொடங்கும்.

நான் கல்லூரி அணிக்கு நான்கு ஆண்டுகள் விளையாடியவள். இப்போது பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பட்டியலில் பெயர் வருமா என்று காத்திருந்தது ஒரு காலம், பட்டியலை எழுதுவது இன்னொரு காலம். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். பெண்கள் அணியின் பன்னிரண்டாவது பெயர் எப்படி முடிவாகிறது என்று கவனித்தால், அந்த ஊர் பெண்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது முழுசாகத் தெரிந்துவிடும்.

முதலில் அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்று சொல்லிவிடுகிறேன். விளையாடாதவர்களுக்கு அது ஒரு டிராக் சூட்டும் நாலு நாள் பயணமும் என்று தோன்றும். உண்மையில் அது ஒரு சான்றிதழ். மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நேரடியாக நியமிப்பதற்கான விதிகளில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களும் தகுதி உள்ளவர்களாகக் கணக்கில் வருகிறார்கள். அதற்கென்று தனியாக ஒரு படிவமே உண்டு. ரயில்வே போன்ற துறைகள் இதற்கு மேல் பதக்கம், தரவரிசை என்று கேட்கும். தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு 3 விழுக்காடு இருக்கிறது. படிப்பில் சேர்வதற்கும் இந்தச் சான்றிதழ்கள் உதவும். நாற்பது நிமிடமும் களத்தில் ஓடியவளுக்கும், பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவளுக்கும் ஒரே சான்றிதழ்தான். பதிமூன்றாவது பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு இலவச எறிதலின் வித்தியாசம் அல்ல. சில வீடுகளில் அது ஒரு வேலையின் வித்தியாசம். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இருபத்தொரு வயதில் வேலை கிடைப்பது என்றால், அவள் கல்யாணத் தேதியை அவளே பேசலாம் என்று அர்த்தம்.

எங்கள் பக்கம் என்றால் ஆனைமலை. பொள்ளாச்சியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல. தென்னந்தோப்பு, கயிற்று மில், மாசாணியம்மன் கோயில். கோயிலுக்கு வருகிறவர்கள் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள். திருட்டுப் போனவர்கள், ஏமாந்தவர்கள், நியாயம் கிடைக்காதவர்கள் எல்லாரும் வருவார்கள், அதிகம் பெண்கள். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்றுவிட்ட நன்னனின் கதையும் இந்த ஊரோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. ஈடாக யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னும் தருகிறோம் என்று அவளுடைய வீட்டார் கெஞ்சியும் அவன் கேட்கவில்லையாம். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்கும்போது எனக்குக் கொலையைவிட அந்தத் தீர்ப்புதான் உறுத்தும். காரணம் கேட்க முடியாத ஒருவன், பதில் சொல்ல வேண்டியதில்லாத ஓர் இடத்திலிருந்து சொல்கிற தீர்ப்பு. பட்டியலில் பெயர் விட்டுப்போனதற்கு யாரும் மிளகாய் அரைத்து நான் பார்த்ததில்லை. அது அநியாயம் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சரியா விளையாடல போல’ என்று அந்தப் பெண்ணே நினைத்துக்கொள்வாள்.

நாங்கள் விளையாடிய பந்தும் எங்களுடையது அல்ல. பெண்களுக்கான ஆட்டத்தில் ஆறாம் எண் பந்து. ஆண்களுக்கு ஏழாம் எண். சுற்றளவில் சுமார் ஓர் அங்குலம் குறைவு, எடையும் குறைவு. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2004இலேயே பெண்களுக்குச் சின்னப் பந்து என்று மாற்றிவிட்டது. ஆனால் பல பள்ளிகளில் பையன்கள் ஆடித் தேய்ந்துபோன ஏழாம் எண் பந்துதான் பெண்களுக்கு வரும். அதில் ஆண்டு முழுக்கப் பழகிவிட்டு, போட்டி நாளில் ஆறாம் எண் பந்தைக் கையில் வாங்கினால் எறிகிற பந்தெல்லாம் வளையத்தைத் தாண்டிப் போகும். பார்க்கிறவர்கள் ‘பொண்ணுங்களுக்குக் குறி வராது’ என்பார்கள்.

பெண்கள் ஆட்டத்தை மற்றவர்கள் இப்படித் தீர்மானிப்பது இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையைச் சுவரில் மாட்டி ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பக்கத்து ஊரான நார்தாம்ப்டனில், ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் ஓடியாடி விளையாடுவதை அந்தக் காலம் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. அதனால் விதிகளை மாற்றினார். ஆடுகளம் மூன்று பகுதி. தன் பகுதியை விட்டு யாரும் வெளியே போகக் கூடாது. அடுத்தவள் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது. மூன்று முறைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது. 1893இல் நடந்த முதல் கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை.

பெரன்சன் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் அந்த வளைந்துகொடுத்த விதிகளோடு நுழையாமல் இருந்திருந்தால் பெண்களுக்குக் கதவே திறந்திருக்காது. ஆனால் நுழைவதற்காகப் போட்ட கோடு அப்படியே தங்கிவிட்டது. அயோவா மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 1993 வரைக்கும் பெண்கள் ஆறு பேர் அணியாக, களத்தைப் பாதியாகப் பிரித்து, நடுக்கோட்டைத் தாண்டாமல் ஆடினார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936இல் வந்தது. பெண்களுக்கு 1976. நடுவில் நாற்பது ஆண்டுகள். கோவையையே எடுத்துக்கொள்ளுங்கள். வ.உ.சி. பூங்கா அருகே மாநகராட்சிக் கூடைப்பந்து அரங்கில் நடக்கும் அகில இந்தியப் போட்டியில் ஆண்களுக்கான நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை அரை நூற்றாண்டைத் தாண்டியது. அதே அரங்கில் பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தது. வந்த பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். ரயில்வே அணிகளின் பெண்களையும் கேரள மின்வாரியப் பெண்களையும் நேரில் பார்க்கிற வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. தொலைக்காட்சியில் வராத முகங்கள். ஒரு பெண் சத்தமாகக் கத்தித் தன் அணியை நிறுத்தி வைப்பதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த மாதிரி ஆட்டங்களில்தான். எங்கள் வீடுகளில் சத்தம் போடுகிற பெண்ணுக்கு வேறு பெயர்.

இப்போது பன்னிரண்டாவது பெயருக்கு வருகிறேன். என்னோடு ஒருத்தி விளையாடினாள். பந்தை எடுத்துக்கொண்டு போகிற இடம் அவளுடையது. உயரம் குறைவு. ஆனால் ஆட்டம் கையை விட்டுப் போகிற நேரத்தில் வேகத்தைக் குறைத்து எல்லாரையும் மூச்சுவிட வைக்கத் தெரிந்தவள். மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய போட்டிக்குத் தேர்வு நடந்தது. கடைசி இடத்துக்கு அவளும் இன்னொரு பெண்ணும். தேர்வு செய்தவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “இந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காங்களாமா. அடுத்த வருசம் வர மாட்டாளுங்க. இடத்த எதுக்குங்க வீணாக்கோணும்?”

அவ்வளவுதான். யாரும் கோபப்படவில்லை, யாரும் அவளைத் திட்டவில்லை. அக்கறையாகவே பேசினார்கள். கவனியுங்கள், அந்த வாக்கியத்தில் அவளுடைய ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் கல்யாணத்துக்குச் சம்மதித்தாளா என்று கேட்கப்படவில்லை. கல்யாணம் ஆனால் விளையாட மாட்டாள் என்று அவள் சொல்லவில்லை. நடக்காத ஒரு கல்யாணம், அவளை அணியிலிருந்து எடுத்துவிட்டது. இன்னும் கொடுமை, பட்டியலில் பெயர் இல்லை என்றதும் வீட்டில், ‘அதுதான் விளையாட்டும் இல்லையே’ என்று பேச்சைச் சீக்கிரம் முடித்தார்கள். கல்யாணம் நடக்கும் என்ற கணிப்பே கல்யாணத்தை நடத்தி வைத்தது.

ஆண்கள் அணியில் இந்தக் கேள்வி வந்து நான் கேட்டதில்லை. ‘இவனுக்கு அடுத்த வருசம் கல்யாணம், இடம் வீண்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘வேலை கிடைச்சாத்தான் பொண்ணு கிடைக்கும், ஒரு சான்றிதழ் இருக்கட்டும்’ என்பார்கள். ஒரே கல்யாணம், ஒரே பட்டியல். அவனுக்குச் சேர்ப்பதற்கான காரணம், அவளுக்கு நீக்குவதற்கான காரணம்.

கல்யாணமும் குழந்தையும் ஆட்டத்தின் முடிவு என்பது உண்மையா என்றும் பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் நாட்டுக்காக விளையாடினார். குழந்தை பெற்ற பிறகு மறுபடி களத்துக்கு வந்தார். 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் இந்தியப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தார்கள். அந்த அணியில் அவர் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ. அவருடைய பத்தொன்பதாவது வயதில் யாராவது ‘இந்தப் புள்ள எப்படியும் போயிரும்’ என்று கணக்குப் போட்டிருந்தால்? கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டே ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை அணிகள் சிலவற்றின் தேர்வுக்கும் போய்வந்தார். இவர்கள் இருவருக்கும் அசாதாரணத் திறமை இருந்தது, சரிதான். அதோடு மாதச் சம்பளமும், பயிற்சிக்கு நேரமும் தருகிற ஒரு வேலை பின்னால் நின்றது. எந்தப் பெண் தொடர்ந்து விளையாடுவாள் என்பதை அவள் கழுத்தில் தாலி இருக்கிறதா என்பதைவிட அந்த வேலைதான் அதிகம் தீர்மானிக்கிறது. அந்த வேலைக்குப் போகிற வழி பட்டியலில் தொடங்குகிறது.

பட்டியலை எழுதுகிறவர் யார் என்பதும் முக்கியம். பெண் எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மேலே சொன்ன வாக்கியத்தைப் பெண்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் ஒரு பழைய கணக்கு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1972இல் அமெரிக்காவில் கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தது. அப்போது அங்கே கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சட்டத்துக்குப் பிறகு பெண்கள் அணிகள் பெருகின, பணம் வந்தது, சம்பளம் உயர்ந்தது. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள். சம்பளமில்லாத வேலையாக இருந்தவரை அது பெண்களின் வேலை. சம்பளம் வந்ததும் ஆண்களுக்கும் அதில் ஆர்வம் வந்தது. சமையலறையையும் ஓட்டல் சமையலையும் அறிந்த நமக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை.

டென்னசி பல்கலைக்கழகத்தில் பாட் சம்மிட் 1974இல் பயிற்சியாளராக வந்தபோது அவருக்கு 22 வயது. மாதம் 250 டாலர். அணியின் வண்டியை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். 2012இல் ஓய்வுபெறும்போது 1,098 வெற்றிகள், 8 தேசியப் பட்டங்கள். அவர் கட்டி எழுப்பிய அந்தத் தேசியப் போட்டியிலேயே, 2021இல் சான் அன்டோனியோவில் 64 பெண்கள் அணிகளுக்கு உடற்பயிற்சிக்கென்று வைத்திருந்தது ஒரே ஒரு அடுக்கு கைப்பளுக்கள். ஆண்களுக்கோ ஒரு கூடம் நிறையக் கருவிகள். ஒரிகன் அணியின் செடோனா பிரின்ஸ் அதைக் கைபேசியில் படமெடுத்துப் போட்ட பிறகுதான் மாற்றினார்கள். இடம் இல்லை என்று முதலில் சொன்னார்கள். அவர் கேமராவைத் திருப்பிக் காலியான கூடத்தைக் காட்டினார். நான் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். உலகத்தின் பணக்காரக் கல்லூரிப் போட்டியிலும் நம்ம ஊர்ப் பதில்தான்.

இங்கே பதில் கேட்பதற்குச் சில பிடிமானங்கள் வந்திருக்கின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ‘பணியிடம்’ என்பதற்குள் விளையாட்டு நிறுவனங்களையும் அரங்குகளையும் போட்டி நடக்கும் இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. 2022இல் இந்திய விளையாட்டு ஆணையம், பெண்கள் இருக்கும் அணி வெளியூர் போனால் ஒரு பெண் பயிற்சியாளர் கூடப் போக வேண்டும் என்று தேசியச் சம்மேளனங்களுக்குச் சொன்னது. அடுத்த ஆண்டே மல்யுத்த வீராங்கனைகள் டெல்லித் தெருவில் உட்கார வேண்டி வந்தது. அதனால் விதி இருப்பதும் விதி நடப்பதும் வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விதி இருந்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கலாம். ‘பெண் பயிற்சியாளர் இல்லை, அதனால் பெண்கள் அணியை அனுப்பவில்லை’ என்று சொல்வதற்கு அந்த விதி பயன்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறுவட்டப் போட்டிக்கு அணி எடுக்கும்போது நான் பின்பற்றுகிற முறை பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பயிற்சிக்கு வந்த நாட்கள், இருபது இலவச எறிதலில் விழுந்தவை, தடுப்பாட்டத்துக்கு மதிப்பெண், ஆட்டத்தில் பந்தை இழந்த எண்ணிக்கை என்று ஒரு தாள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுவேன். பட்டியலை மட்டும் ஒட்டினால் போதாது. கணக்கும் கூட இருக்க வேண்டும். விட்டுப்போன பெண் என்னிடம் வந்து கேட்கலாம், நான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு கேள்விகள் அந்தத் தாளில் கிடையாது. கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்பது ஒன்று. வீட்டில் அனுப்புவார்களா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்கக் கூடாது. முதலில் பெயரை எழுத வேண்டும், பிறகு வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். வரிசை மாறினால், தன்னை அனுப்ப மாட்டார்கள் என்று நினைக்கிற பெண் அவளே ஒதுங்கிக்கொள்வாள். நாமும் அவளாகத்தான் வரவில்லை என்று எழுதிவிடுவோம்.

வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்துகிறவர்கள் குறைவு. கயிற்று மில் வேலை முடிந்து வந்த ஒரு அம்மா கேட்டார். “ஏனுங் டீச்சர், ராத்திரி அங்கயே தங்கோணுமுங்களா?”

“ஆமாங்கக்கா, ரெண்டு ராத்திரி. நானும் புள்ளைங்க கூடத்தான் படுத்துக்குவனுங்க.”

“அப்பப் போயிட்டு வரட்டுமுங்க. இவங்கப்பனுக்கு நாஞ் சொல்லிக்கறேன்.”

அவருக்கு வேண்டியிருந்தது மூன்று தகவல்கள். எங்கே தூங்குவார்கள், யார் கூட இருப்பார்கள், எந்தப் பேருந்தில் திரும்புவார்கள். ஒரு தாய் இதைக் கேட்பதில் என்ன பிற்போக்கு இருக்கிறது? தெளிவாகப் பதில் சொல்ல ஆளில்லாமல் போன இடங்களில்தான் ‘வீட்டில் விடமாட்டாங்க’ என்ற பெயர் பெற்றோருக்கு வந்தது. பயிற்சியை ஐந்தரைக்கு முடித்தால் ஆனைமலைப் பெண் பேருந்து பிடிப்பாள். ஆறரைக்கு முடித்தால் ஒரு மாதத்தில் நின்றுவிடுவாள். அதற்கு ஆர்வக்குறைவு என்று பெயர் வைத்துவிடுவது சுலபம். வெள்ளை அரைக்கால் சட்டையை அடர்நிறமாக மாற்றியதும் மாதத்தில் நாலு நாள் ‘வயித்து வலி’ குறைந்தது. விம்பிள்டனே 2023இல்தான் பெண்கள் உள்ளே அடர்நிறம் அணியலாம் என்று விட்டுக்கொடுத்தது.

இதெல்லாம் செய்தும் யாராவது ஒருத்தி பதிமூன்றாவதாகத்தான் நிற்பாள். விளையாட்டு அப்படித்தான். பன்னிரண்டு பேர் என்றால் பன்னிரண்டு பேர். தோற்று வெளியேறுவது ஒரு பெண்ணின் உரிமைகளில் ஒன்று என்றுகூட எனக்குத் தோன்றும். இலவச எறிதலில் இரண்டு குறைந்ததால் வெளியேறினால், அடுத்த ஆண்டு இரண்டைக் கூட்டிக்கொண்டு வருவாள். பிறந்த வீட்டுக்காக, வராத மாப்பிள்ளைக்காக வெளியேற்றப்பட்டவள் எதைப் பயிற்சி செய்துகொண்டு திரும்பி வருவாள்?

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அறிவிப்புப் பலகையில் அணிப் பட்டியல் ஒட்டப்படும். நீங்கள் பந்தைத் தொட்டே பார்க்காதவராக இருக்கலாம். பட்டியலில் இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் கை கொடுத்துவிட்டு, பதிமூன்றாவது பெயர் யாருடையது, என்ன காரணம் என்று விளையாட்டுத் துறையில் போய்க் கேளுங்கள். காரணம் ஆட்டத்தில் இருந்தால் உடனே சொல்லிவிடுவார்கள். சொல்லத் தயங்கினால், நாலு பேராகச் சேர்ந்து இன்னொரு தடவை கேளுங்கள்.